புல்வெட்டும் இயந்திரமும் கமக்காரரின் கண்ணும்

பெரும்போக மழை தொடங்குமுன்னர் வயல் வரம்புகளையும் வாய்க்காற் கரைகளையும் துப்புரவு செய்தல் இந்நாட்டுக் கமக்காரர் தொன்றுதொட்டுச் செய்துவரும் வேலையாகும். வரம்பிற் புல் மண்டினால் அங்கே எலி வளை தோண்டும். கதிர் பால் பிடிக்கும் பருவத்திற் பயிரைத் தாக்கும் மூட்டுப்பூச்சி அதற்கு முன்னர் அப்புல்லிலேயே தங்கி வாழும். வாய்க்காலைப் புல் அடைத்துக்கொண்டாற் கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேராது. மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் கொண்டு நாட்கணக்காகச் செய்யப்பட்ட இவ்வேலையை இப்போது தோளிலே கொளுவிக்கொள்ளும் புல்வெட்டும் இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. மரக்கறித் தோட்டக்காரரும் வேலியோரங்களையும் தோட்டத்தின் நடைபாதைகளையும் இதனைக் கொண்டே வெட்டுகின்றனர்.

இவ்வியந்திரம் பரவியதற்குக் கூலியாட்கள் கிடையாமை ஒரு காரணம். களைகொல்லி கிடையாமை மற்றொரு காரணம். 2015ஆம் ஆண்டிற் கிளைபொசேற்று இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களுடன் பீடைகொல்லிகளின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. களைகொல்லி அரிதாயிருந்த அக்காலங்களிற் புல்லை வெட்டியே தீர்த்தல் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது இவ்வியந்திரத்தை நாடியோர் பலர். தடைகள் நீங்கினாலும் இயந்திரம் வயலை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் வாங்கியவர்களுள் அதனைப் பயின்று வாங்கியோர் சிலரே. கடையில் எஞ்சினை இயக்கிக் காட்டுவார்கள். எண்ணெய் கலக்கும் அளவைச் சொல்வார்கள். அவ்வளவுடன் பாடம் முடிந்துவிடும். மறுநாட் காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலுடனும் வெறுங்கண்ணுடனும் வரம்பில் இறங்கும் கமக்காரர், சுழலும் அலகு தம் காலிற் படாதிருந்தாற் போதும் என்று எண்ணிக்கொள்கிறார். அலகு காலில் இருந்து நாலைந்து அடி தள்ளியே இருக்கின்றது. ஆகவே அச்சமில்லை என்பது அவருடைய எண்ணம். இவ்வெண்ணமே பிழையானது. அலகு இருக்கும் இடத்தில் இருக்கும். ஆனால் அலகு எறியும் கல் அங்கே இராது.

அலகின் வேகம்

இவ்வகை இயந்திரங்களுள் இழையாற் புல் வெட்டும் முறையை 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர் கண்டுபிடித்தார். மோட்டார் வண்டிகளைக் கழுவும் நிலையத்திற் சுழலும் தூரிகைகள் வண்டியின் மேற்பூச்சுக்குக் கேடின்றி அழுக்கை அகற்றுவதைக் கண்ட அவர், மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் அடியிலுள்ள புல்லை வெட்டுதற்கும் அவ்வாறே ஒரு வழி இருக்கும் என எண்ணினார். சோளப்பொரி அடைத்து விற்ற ஒரு தகரப் பேணியிலே துளைகளிட்டு, அவற்றில் மீன்பிடிக்கும் தங்கூசி இழையைக் கோத்து, சுழலவிட்டுப் பார்த்தார். புல் அறுந்தது. மெல்லிய இழை, விறைப்பாக நின்று புல்லை அறுத்தது வேகத்தினாலேயே.

இந்த வேகம் எத்தன்மையது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. இங்கு சாதாரணமாகப் பூட்டப்படும் அலகின் குறுக்களவு 10 அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 சென்ரிமீற்றராகும். எஞ்சினை முடுக்கி வேலை செய்யும்போது அவ்வலகு நிமிடத்துக்கு 7,000 தடவை சுற்றுமாயின், அதன் நுனி விநாடிக்கு 90 மீற்றருக்கு மேற்பட்ட தூரம் ஓடுகின்றது. மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் கூடிய வேகம் இது. இந்நாட்டிற் பெருந்தெருவிலோ புகையிரதப் பாதையிலோ இவ்வேகத்தில் ஓடும் வாகனம் எதுவுமில்லை.

அந்நுனியிற் பட்ட ஒரு சிறு கல் அவ்வேகத்திற் பாதியுடன் மேலெழுவதாகவே வைத்துக்கொள்வோம். கையாளுபவரின் கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தூரம் ஆறடி அளவேயாகும். அத்தூரத்தைக் கடக்க அக்கல்லுக்கு ஒரு விநாடியின் 20இல் ஒரு பங்கு நேரம் போதும். இமை மூடுவதற்கோ விநாடியின் பத்திலொரு பங்கு நேரம் வேண்டும். தூசியும் பூச்சியும் வருகையிற் கண்ணைக் காக்கும் இமை, இங்கே கல் வந்து பட்ட பின்னரே மூடுகின்றது. "நான் கவனமாகப் பார்த்து வெட்டுவேன்" என்று சொல்லுபவர் இக்கணக்கைச் சிந்தித்தல் வேண்டும். கவனத்தாற் காக்க இயலாத இடம் இது; கண்ணின் முன்னே ஒரு தடுப்பு இருந்தாலன்றி வேறு காப்பில்லை.

கல் மாத்திரமன்று. முட்கம்பித் துண்டு, உடைந்த போத்தல், ஆணி, காய்ந்த கட்டை, வாய்க்காலில் ஒதுங்கிய நத்தையோடு ஆகிய எவையும் எறியப்படலாம். சிலவேளைகளில் அலகே சில்லுச் சில்லாக உடைந்து பறக்கின்றது. வெடிப்புக் கண்ட அலகைக் காய்ச்சி ஒட்டிப் பயன்படுத்துதலும், வளைந்ததைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திப் பூட்டுதலும் மிகவும் தவறான செயல்கள். சில நூறு ரூபாவை மீதப்படுத்த எண்ணி இதைச் செய்பவர் எதனைப் பணயம் வைக்கிறார் என்பதை அறிந்தே செய்கிறார் என்று நம்புதல் கடினம்.

இழைக்குப் பதிலாகக் கம்பியையோ, சைக்கிட் பிறேக் வயரையோ, சங்கிலித் துண்டையோ கட்டி வெட்டுவோரும் உளர். இழை அறுந்தால் அது மெல்லிய தங்கூசித் துண்டு. கம்பி அறுந்தால் அது துப்பாக்கிச் சன்னத்துக்கு ஒப்பானது. ஐரோப்பாவில் இத்தகைய சங்கிலித் தலையிலிருந்து கழன்ற ஒரு கண்ணி தாக்கி உயிரிழப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, கையில் ஏந்தும் புல்வெட்டும் இயந்திரங்களுக்கான சங்கிலித் தலைகளை விற்பனைக்கு விடுவதைத் தடுக்குமாறு 2012ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு தன் உறுப்பு நாடுகளைப் பணித்தது. தொழிற்சாலையிற் செய்த சங்கிலியே அவ்வாறாயின், வீட்டிற் கட்டிய கம்பியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

காப்பு மூடியைக் கழற்றுதல்

அலகுக்குப் பின்னே, கையாளுபவரின் பக்கமாக, அரைவட்ட வடிவிலுள்ள ஒரு மூடி பூட்டப்பட்டிருக்கும். புதிதாக வாங்கிய இயந்திரத்தில் இம்மூடி இருக்கும். ஓராண்டு பாவித்த இயந்திரத்திற் பெரும்பாலும் இராது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்லப்படும். ஈரப்புல் மூடிக்குட் சிக்கி அடைக்கின்றது என்பது ஒன்று. பெரிய வாட்டட்டைப் பூட்ட மூடி இடங்கொடுக்கவில்லை என்பது மற்றொன்று. பாரம் என்பது மூன்றாவது.

இவற்றுள் முதற் காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. மழை பெய்த மறுநாட் கோரையையும் அறுகையும் வெட்டுகையில் மூடிக்கு அடியிற் புல் திரளத்தான் செய்யும். வேலையை இடையிடையே நிறுத்தி அதனைத் துடைக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறி, புல் உலர்ந்த பின் வெட்டினால் இத்தொல்லை பெரும்பாலும் குறைந்துவிடும். இரண்டாவதாகச் சொல்லப்பட்ட காரணம் ஏற்கத்தக்கதன்று. மூடிக்குள் அடங்காத தட்டு அவ்வியந்திரத்துக்கு உரிய தட்டன்று. அதன் எஞ்சினும் தண்டும் அப்பாரத்துக்கென அமைக்கப்பட்டவையல்ல. மூன்றாவது காரணமாகிய பாரம், தோட்பட்டியைச் சரியாக இழுத்துக் கட்டினால் உணரப்படமாட்டாது.

மூடியின் பயன் கல்லைத் தடுத்தலோடு முடிவதில்லை. தங்கூசித் தலை பூட்டும்போது, மூடியின் ஓரத்திலுள்ள சிறிய கத்தி இழையை உரிய நீளத்துக்கு வெட்டிவிடுகின்றது. மூடியில்லாவிட்டால் இழை மிகைநீளமாக ஓடும். எஞ்சின் திணறிச் சூடேறும். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். கிளச்சும் விரைவிற் தேயும். ஆகவே மூடியைக் கழற்றியவர் தம் கண்ணை மட்டுமன்றித் தம் இயந்திரத்தையும் தேய்த்துக்கொள்கிறார்.

கண்ணுக்கு அணிவது

வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி காப்பாகாது. அது உடைந்தால் அதன் துண்டே கண்ணிற் குத்தும். மோதலைத் தாங்கும் பொலிக்காபனேற்றுக் கண்ணாடி, அல்லது பக்கங்களையும் மூடும் காப்புக் கண்ணாடி வன்பொருட் கடைகளிற் கிடைக்கின்றது. அதன் விலை அலகொன்றின் விலையைவிடப் பெரிதன்று. கம்பி வலை பொருத்திய முகமூடி முகத்தைப் பெரிய கற்களிலிருந்து காக்கும்; ஆனால் வலையின் கண்களூடாகத் துகள்கள் புகுந்துவிடும். ஆகவே அதனை அணிவோர் உள்ளே கண்ணாடியையும் அணிதல் வேண்டும். வியர்வையால் ஆவி படிந்து பார்வை மங்குகின்றது என்பது பலருடைய முறைப்பாடு. அப்போது சற்று நின்று, எஞ்சினை நிறுத்தி, துடைத்துக்கொண்டு தொடர்தலே முறை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெட்டுதல், அதனை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

நிலத்தைப் பார்த்தல்

எஞ்சினை இயக்குமுன்னர் வெட்டவேண்டிய இடத்தை ஒருமுறை நடந்து பார்த்தல் இன்றியமையாதது. புல் உயர்ந்து நிற்குமிடத்தில் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடியினாற் புல்லை விலக்கிப் பார்த்துக் கல், கம்பி, போத்தல் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தல் வேண்டும். தடியைத் தட்டிக்கொண்டு நடந்தாற் புல்லிற் கிடக்கும் விரியன் பாம்பும் விலகிச் செல்ல இடமுண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரர் இதில் இரட்டிப்புக் கவனமாயிருத்தல் அவசியம். அங்கே செம்மண்ணின் கீழே சுண்ணாம்புப் பாறை உள்ளது. தோட்டத்திற் கிளறிய கற்களைத் தலைமுறை தலைமுறையாக எல்லையோரத்திற் குவித்து வைத்திருக்கின்றனர். புல்லும் அந்த எல்லையோரத்திலேதான் மண்டுகின்றது. அவ்விடங்களில் இரும்பலகை விட்டுத் தங்கூசித் தலையைப் பூட்டுதலும், வேகத்தைக் குறைத்து நிலத்தில் முட்டாது உயர்த்தி வெட்டுதலும், கல்லோடு ஒட்டிய இறுதி நாலங்குலப் புல்லைக் கைக்கத்திக்கு விட்டுவிடுதலும் நன்று. கதியால் வேலிகளிற் பழைய முட்கம்பி மண்ணுள் அமிழ்ந்து கிடப்பதுண்டு. அது அலகிற் சுற்றிக்கொண்டால், அறுந்த முனை சவுக்குப்போல வீசும். காட்டுப்பன்றிக்கென மின்கம்பி இழுக்கப்பட்ட வயல்களின் அருகே வெட்டுவோர், மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளதைத் தாமே நேரில் உறுதிசெய்யும்வரை இயந்திரத்தை எடுத்தலாகாது.

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றதாயினும், வட மாகாணத்தின் சில இடங்களிற் கண்ணிவெடி அகற்றும் வேலை அதன் பின்னரும் நெடுங்காலம் நீண்டது. முகமாலை அவற்றுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. மண்டையோட்டுக் குறியிட்ட பலகையோ நாடாவோ உள்ள நிலத்திற் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு இறங்குதல் கூடாது. துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால், தொடாது, அலகும் படவிடாது, வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

பார்த்தீனியம் கண்ட இடத்தையும் இவ்வியந்திரத்தால் வெட்டலாகாது. பூத்த செடி வெட்டுண்டால் விதை எங்கும் சிதறும். அதன் துகள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். அச்செடியைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேருடன் பிடுங்குதலே முறை.

ஐம்பதடி

இயங்கும் இயந்திரத்தைச் சுற்றி 50 அடிக்குள், அதாவது 15 மீற்றருக்குள், கையாளுபவரைத் தவிர வேறெவரும் நிற்றலாகாது. சாதாரண நடையில் இருபது எட்டு வைத்தால் இத்தூரம் வரும். ஆடு மாடுகளுக்கும், நிறுத்தி வைத்த வாகனங்களின் கண்ணாடிகளுக்கும் இதுவே அளவு.

இவ்விதி மீறப்படுவது வேண்டுமென்றல்ல. அன்பினாலேயே பெரும்பாலும் மீறப்படுகின்றது. காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து பிள்ளை தேநீர்ப் போத்தலுடன் வரம்பு வழியே வரும். தகப்பனாருக்கு எஞ்சின் ஓசையிற் பிள்ளை அழைப்பது கேளாது. பிள்ளை பின்னால் வந்து முதுகைத் தொடும். அவர் திடுக்கிட்டுத் திரும்புவார். தோளிற் கொளுவிய இயந்திரமும், ஐந்தடி நீளத் தண்டின் நுனியிற் சுழலும் அலகும், அவருடன் சேர்ந்தே திரும்பும். அலகு நிற்கும் உயரம் சிறு பிள்ளையின் முழங்காலளவு. இதனைத் தடுக்க வீட்டார் அனைவருக்கும் ஒரு பழக்கத்தைக் கற்பித்தல் வேண்டும். இயந்திரம் இயங்கும்போது பின்னாலிருந்து எவரும் அணுகலாகாது. கையாளுபவரின் கண்ணிற் படும்படி முன்பக்கமாக, தூரத்தில் நின்று கையை உயர்த்த வேண்டும். அவர் எஞ்சினை நிறுத்தி, அலகும் ஓய்ந்த பின்னரே கிட்ட வருதல் வேண்டும். சிறு பிள்ளைகளிடம் தேநீர் கொடுத்தனுப்பாதிருத்தல் இதனினும் நன்று.

கமக்காரர் அமைப்புக்கள் சிரமதானமாக வாய்க்கால் வெட்டும் நாட்களில் வேறொரு அபாயம் உண்டு. நாலைந்து இயந்திரங்கள் ஒரே கரையில் வரிசையாக இறங்கும். வேலை சூடுபிடிக்க ஒருவரை ஒருவர் நெருங்குவர். இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையிலும் அதே ஐம்பதடி வேண்டும். வேலை தொடங்குமுன்னரே கரையிற் தடி நாட்டி ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைப் பிரித்துக் கொடுத்தால் இத்தவறு நேராது. வெட்டிய புல்லை வாருபவர்கள், அப்பகுதியில் எஞ்சின்கள் யாவும் நின்ற பின்னரே இறங்குதல் வேண்டும்.

வரம்பில் நிற்கும் முறை

பெரும்பாலான இயந்திரங்களில் அலகு, மேலிருந்து பார்க்கையில், இடஞ்சுழியாகச் சுற்றும். மூடியில் இடப்பட்ட அம்புக்குறியால் இதனை அறியலாம். ஆகவே வலமிருந்து இடமாக வீசி வெட்டி, வெட்டாமல் வலப்பக்கம் திரும்பிவருதல் வேண்டும். வெட்டிய புல் இடப்பக்கத்திற் சாய்ந்து ஒழுங்காக விழும். எறியப்படும் கல்லும் இடப்பக்கமாகவும் கையாளுபவரை நோக்கியுமே பெரும்பாலும் வரும். தெருவோர வயலில் வெட்டுவோர், தெரு தம் வலப்பக்கத்தில் இருக்குமாறு நடந்தால் வழிப்போக்கருக்கு அபாயம் குறையும். நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை.

அலகின் முன்பக்க வலப்பகுதி, மணிக்கூட்டு முகத்தில் 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி, கட்டையிலோ கல்லிலோ முட்டினால் இயந்திரம் முழுவதும் வலப்பக்கமாகவோ பின்னோக்கியோ உதைத்தெறியப்படும். இவ்வுதைப்பு மின்னல் வேகத்தில் நிகழும். தோட்பட்டி பூட்டியிருந்தால் அலகு காலை எட்டாது. பட்டியின்றிக் கையில் மட்டும் ஏந்தியிருந்தால் எட்டும். ஆகவே சிறிது நேர வேலைதானே என்று பட்டியை அணியாது விடலாகாது.

நெல் வரம்பு ஒடுங்கியது, ஈரமானது, நண்டு வளைகளால் உள்ளே கோறையானது. அதன் முடியில் நடந்துகொண்டு இருபக்கச் சரிவையும் வெட்டுதல் வழுக்கி விழுவதற்கு எளிய வழியாகும். வயல் காய்ந்திருக்கையிற் கீழே வயலுள் நின்று, வரம்பின் சரிவை முன்பக்கமாக வைத்து வெட்டுதலே பாதுகாப்பானது. இக்காரணத்தாலும் வரம்பு துப்புரவு நீர் கட்டுமுன் முடிக்கத்தக்க வேலையாகும். கால் வழுக்குவதாக உணர்ந்தவுடன் விரலை வேகங்கூட்டும் பிடியிலிருந்து எடுத்துவிடப் பழகிக்கொள்ளல் வேண்டும். பிடியை விட்ட பின்னரும் அலகு சில விநாடிகள் சுற்றும் என்பதை மறத்தலாகாது. பிடியை முழுதும் விட்டு எஞ்சின் மெல்ல ஓடும்போது அலகு நில்லாது சுற்றிக்கொண்டேயிருந்தால், அவ்வியந்திரம் திருத்தப்படும்வரை வேலைக்கு உதவாது.

அலகில் எது சுற்றிக்கொண்டாலும், எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் தொப்பியைக் கழற்றிய பின்னரே கைவைத்தல் வேண்டும்.

உடையும் எரிபொருளும்

சாரமும் துவாயும் இவ்வேலைக்கு ஏற்ற உடைகளல்ல. சுழலும் தண்டு துணி நுனியைப் பற்றிச் சுருட்டிக்கொள்ளும். தடித்த நீளக் காற்சட்டை, நீளக் கைச்சட்டை, கையுறை, முழங்கால் வரையுள்ள றப்பர்ச் சப்பாத்து என்பன தேவை. சப்பாத்துப் பாம்புக் கடியிலிருந்தும் காலைக் காக்கும். எஞ்சின் ஓசை காதருகே பெரும்பாலும் 95 டெசிபலைத் தாண்டுகின்றது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் நெடுநேரம் கேட்பவருக்குச் செவிப்புலன் சிறிது சிறிதாகக் குறைந்து, பின் மீளாது. காதடைப்பான் அணிதலும், ஒரு தாங்கி எரிபொருள் முடியுந்தோறும் ஓய்வெடுத்தலும் வேண்டும். அதிர்வினால் விரல்கள் மரத்துப்போவோருக்கும் அவ்வோய்வு அவசியம்.

இருவீச்சு எஞ்சினுக்கு பெற்றோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். எது தம் இயந்திரத்துக்குரியது என்பதை அதன் கைந்நூலில் பார்த்தறிக. எஞ்சின் ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி விலகிச் சென்று இயக்குதல் வேண்டும். வைக்கோற் போருக்கு அருகில் இவ்வேலை எப்போதும் ஆகாது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்திற் பெற்றோலைக் குடிநீர்ப் போத்தல்களில் வீட்டினுள் சேமிக்கும் பழக்கம் சிலரிடம் ஏற்பட்டது. தண்ணீரென்று எண்ணிப் பிள்ளைகள் அதனைக் குடிக்கவும், அடுப்பங்கரையிற் தீப்பற்றவும் இடமுண்டாதலால் அப்பழக்கத்தை விட்டுவிடல் வேண்டும்.

அலகைப் பூட்டும் சுரை சாதாரணச் சுரைக்கு எதிர்மாறானது. பெரும்பாலான இயந்திரங்களில் அதனை இடப்பக்கம் திருப்பினால் இறுகும். வலப்பக்கம் திருப்பினாற் கழலும். இதனை அறியாது இறுக்குவதாக எண்ணித் தளர்த்திவிட்டு வேலைக்குப் போவோர் உளர். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் இச்சுரையையும் அலகின் விளிம்பையும் விரலாலும் கண்ணாலும் சோதித்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

வெட்டுக் காயத்தில் இரத்தம் பெருகினால் துப்புரவான துணியை அதன்மேல் வைத்து விடாது அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைப் பெறல் வேண்டும், இச்சேவைக்குக் கட்டணமில்லை. கோப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் இடலாகாது. துண்டான விரலை ஈரத்துணியிற் சுற்றிப் பிளாஸ்ரிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுசெல்க. விரல் நேரே பனிக்கட்டியிற் படலாகாது. காயம் சிறிதாயினும் ஏற்பு வலிக்கான தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஆறாத காயத்துடன் வயற் சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோயுற்றதாகப் பதிவானதைக் கமக்காரர் பலர் நினைவிற் கொண்டிருப்பர்.

கண்ணிற் பட்ட காயத்துக்கு இதனினும் நுட்பமான கவனம் வேண்டும். புல்லின் தாளோ மண்ணோ கருவிழியிற் கீறினால், அன்று சிறு உறுத்தலாகத் தோன்றுவது சில நாட்களிற் பங்கசுத் தொற்றாக மாறி, கருவிழி வெண்மையாகிப் பார்வையை அழித்துவிடும். பயிர்த் தாளினாற் கண்ணிற் காயமடையும் கமத்தொழிலாளரிடத்தே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. தாய்ப்பால், மூலிகைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுதல் தொற்றைக் கூட்டும். மருந்துக்கடையிற் தாமாகவே கண் துளி மருந்து வாங்கி விடுதலும் ஆபத்தானது. அவற்றுட் சிலவற்றிற் கலந்துள்ள ஸ்ரீரோயிட் மருந்து சிவப்பை மாற்றி நோவைக் குறைத்துக் காட்டி, உள்ளே பங்கசு வளர இடங்கொடுக்கும்.

கண்ணுள் எதுவேனும் குத்தி நின்றால் அதனைப் பிடுங்கலாகாது. கண்ணைக் கசக்கவும், அழுத்திக் கட்டவும், கழுவவும் கூடாது. கண்ணைத் தொடாதவாறு ஒரு கடதாசிக் குவளையை மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, கண் மருத்துவப் பிரிவுள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்லல் வேண்டும். வேகமாகப் பாய்ந்த இரும்புத் துகள் கண்ணைத் துளைத்து உட்சென்றும் வெளியே ஒரு சிவந்த புள்ளியை மட்டுமே விட்டுவைக்கலாம். நோவும் பெரிதாக இராது. பார்வையும் முதல் நாளிற் தெளிவாகவே இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் "கண்ணில் ஏதோ விழுந்தது" என்று மட்டும் சொல்லாது, புல்வெட்டும் இயந்திரம் இயங்கும்போது பட்டது என்பதையும், பூட்டியிருந்தது இரும்பலகா தங்கூசியா என்பதையும், கல்லிலோ கம்பியிலோ முட்டிய ஓசை கேட்டதா என்பதையும் சொல்லுதல் வேண்டும். இரும்பு என்று அறிந்தால் அவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார். காந்தத்தால் இயங்கும் படக்கருவியினுள் நோயாளியை அனுப்பாது விடுவார், அக்காந்தம் கண்ணுள் இருக்கும் இரும்பை அசைத்துவிடுமாதலால்.